கரையில் நின்றவர்

ஆண்டு முழுவதும் சுண்ணக்கட்டியோடும் வருகைப் பதிவேட்டோடும் கழிகின்ற ஆசிரியர் வாழ்வில், குடும்பத்தோடு செல்லும் ஒருநாள் உலாவும் பெரும்பேறுதான். உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்ல எங்கள் வசதி இடந்தரவில்லை. பிள்ளைகளோ மலையும் வேண்டும், படகும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றனர். இரண்டும் ஓரிடத்தில் வாய்க்கவும், பெரம்பலூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பவும் ஏற்ற இடமாகச் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியைத் தேர்ந்தோம். அரையாண்டு விடுமுறையில் ஒருநாள், வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு, மூன்று தலைமுறையினர் அறுவர் வாடகை வண்டியொன்றில் புறப்பட்டோம்.

பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் எங்கள் கரிசல் மண்ணில், மழை பெய்தால்தான் ஆறுகள் தம்மை நினைவூட்டும். ஆத்தூர், சேலம், எடப்பாடி கடந்து பூலாம்பட்டியில் இறங்கியபோது கண்ட காட்சி அதனாலேயே எங்களைத் திகைக்க வைத்தது. ஆறா, ஏரியா என்று ஐயுறுமளவுக்குக் காவிரி அசைவின்றிப் பரந்து கிடந்தது. அக்கரைக்கு அப்பால் பாலமலை நீலத்திரையாய் எழுந்து நிற்க, அதன் நிழல் நீரிலே தலைகீழாய்த் தெரிந்தது. இக்கரையில் தென்னையும் வாழையும். 'குட்டிக் கேரளா' என்று மக்கள் பெயரிட்டது மிகையன்று.

இந்த அமைதிக்குக் காரணம் உண்டு. 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குக் கீழே, செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை எனக் காவிரியின் குறுக்கே வரிசையாகக் கதவணைகள் எழுப்பி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்க வழிசெய்திருக்கிறார்கள். நெருஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கும் நீரே பூலாம்பட்டித் துறையில் கடல்போல் நிற்கிறது. ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டைக்கும் இத்துறைக்கும் இடையே விசைப்படகுகள் ஓடுகின்றன. உலா வருவோருக்காக மட்டும் ஓடுபவை அல்ல அவை. மாணவரும் உழவரும் வணிகரும் அவற்றில் ஏறி நாள்தோறும் மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறார்கள். இருசக்கர வண்டிகளும் பயணிகளோடு பயணிகளாய் ஏறிக்கொள்கின்றன. மேட்டூரிலிருந்து வெள்ளநீர் திறந்துவிடப்பட்டால் படகு நிற்கும். பல கல் சுற்றித்தான் அக்கரை சேரவேண்டும்.

துறைப்படிகளில் இறங்கும்போதுதான் அத்தா நின்றுவிட்டார்.

"நீங்கள் போய் வாருங்கள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தனர். துணைவியார், "எங்கள் அரியலூர் முன்னொரு காலத்தில் கடலடியில் கிடந்த ஊர், மாமா. அந்த ஊர்க்காரி நான் இருக்கிறேன், துணிந்து வாருங்கள்" என்று சிரிப்பு மூட்டினார். சுண்ணாம்புப் பாறைகளில் கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இப்படியொரு பெருமை! அத்தா சிரிக்கவில்லை. எங்களுக்குச் சற்றே சினம் மூண்டது. "ஊரெல்லாம் ஏறுகிறது, கைக்குழந்தையோடு பெண்கள் ஏறுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன அச்சம்?" என்று பலர் காதுபடச் சொல்லிவிட்டோம். அவர் மறுமொழி சொல்லாமல் படிக்கட்டில் அமர்ந்தார். படகு கிளம்பியது.

அம்பி, ஓடம், தோணி, பஃறி, புணை, வங்கம், நாவாய் என்று நீர் கடக்கும் கலங்களின் பெயர்களை வகுப்பிலே எத்தனையோ ஆண்டுகள் அடுக்கியிருக்கிறோம். ஆனால், எங்கள் வீட்டில் படகு என்னும் சொல் ஒலித்த நினைவே இல்லை என்பது, நடு ஆற்றை நெருங்கும்போதுதான் உறைத்தது. குளத்தில் நீந்தப் பழகவும் அத்தா எங்களை விட்டதில்லை. அதைக் கண்டிப்பு என்றே கருதி வளர்ந்தோம்.

அப்போது அம்மா மெல்லச் சொன்னார். "அத்தாவின் தம்பி காய்ச்சலில் போனதாகத்தானே உங்களுக்குச் சொல்லியிருக்கிறோம்? காய்ச்சல் இல்லை. வெள்ளாற்றில் வெள்ளம் வந்த ஆண்டு, அண்ணனும் தம்பியுமாக ஓடத்தில் ஏறினார்கள். ஓடம் கவிழ்ந்தது. இவரை ஒருவர் முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். தம்பி மூன்றாம் நாள் கிடைத்தான். கையை விட்டுவிட்டேனே என்று இன்றும் சில இரவுகளில் எழுந்து உட்காருவார்."

இயந்திரத்தின் இரைச்சலில் பிள்ளைகளுக்கு இது கேட்கவில்லை. அவர்கள் நீரில் விரல்களை அளையவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நாங்கள் கரையைத் திரும்பிப் பார்த்தோம். உட்கார்ந்திருந்தவர் எழுந்து, கடைசிப் படியில் நின்றிருந்தார். ஒரு கை நெற்றிக்குமேல் வெயிலை மறைத்திருக்க, மறுகையின் விரல் அசைந்தது. படகில் இருந்த எங்கள் ஐவரையும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

நெருஞ்சிப்பேட்டையில் நெடுநேரம் தங்கவில்லை. கரையோரம் பொரித்த மீன் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மலையைப் பின்னணியாக வைத்து ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டோம். "இந்த நீர்தானே முக்கொம்பும் கொள்ளிடமுமாய் நம் பக்கம் வருகிறது? புள்ளம்பாடி வாய்க்காலிலும் இதுதானே ஓடுகிறது?" என்று துணைவியார் வியந்ததற்கு ஆமெனத் தலையசைத்தோம். வேறொரு நாளாயின் அதைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தியிருப்போம். அடுத்த படகிலேயே திரும்பினோம்.

படகு கரை தட்டியதும் அத்தா முழங்கால் நீர்வரை இறங்கி வந்து பேரனைத் தூக்கி இறக்கினார், பேத்தியை இறக்கினார். பிறகு எங்கள் பக்கமும் கையை நீட்டினார். நாற்பது கடந்த வயதில், பார்ப்போர் நடுவே, அக்கையைப் பற்றிக்கொண்டு இறங்கினோம். காலையில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நனைந்த வேட்டியைப் பிழிந்துவிட்டு, அந்த ஆற்றுநீரிலேயே ஒளுச்செய்து, தென்னை நிழலில் துண்டை விரித்து அஸர் தொழுதார். அன்று அவருடைய சஜ்தா நீண்டதாக எங்களுக்குத் தோன்றியது.

ஆத்தூரை அடைந்தபோது இருட்டிவிட்டது. ஊருக்குள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சன்னலோரம் அமர்ந்திருந்த அத்தா, யாரும் கேளாமலே பேசினார்.

"இந்த ஊரில் ஓடுகிற வசிட்டநதியோடு சுவேதநதி சேர்ந்துதான் நம் வெள்ளாறு."

சற்றுப் பொறுத்து, "அவனுக்கு அப்போது ஒன்பது வயது" என்றார்.

"யாருக்கு, தாத்தா?" என்றான் மகன், தூக்கக் கலக்கத்தில்.

அம்மா பேச்சை மாற்ற வாயெடுத்தார். அத்தா கையமர்த்திவிட்டு, பேரனை மடிமீது சாய்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். பெரம்பலூர் வந்து சேரும்வரை வண்டியில் வேறு எவரும் பேசவில்லை.