மொழியியலாளருக்கு இருநோக்கி எதற்கு?

மொழியியலில் முனைவர்பட்ட ஆய்வு செய்யும் ஒருவர் எட்டு மடங்கு உருப்பெருக்கம் கொண்ட இருநோக்கியை ஏன் வாங்க வேண்டும்? ஓராண்டாக இந்தக் கேள்வியைச் சக ஆய்வாளர்கள் வியப்போடும் கணக்குப் பிரிவினர் ஐயத்தோடும் கேட்டு வருகிறார்கள். பைனாகுலர் என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அக்காலத்தில் படித்ததும் எண்ணிப் பார்த்ததும் களப்பணிக்குப் புறப்படும் பிற மாணவர்க்கும் உதவக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாத்புரா மலைத்தொடரை ஒட்டிய சில சிற்றூர்களில் பேசப்படும் ஒரு மொழியின் உயிரினப் பெயர்களைத் திரட்டுவது என் ஆய்வின் ஒரு பகுதி. ஊராரின் இசைவு முழுமையாகக் கிடைக்கும்வரை மொழியின் பெயரையும் சொற்களையும் பொதுவெளியில் எழுதுவதில்லை என்று உடன்பட்டிருக்கிறேன். எனவே இங்கே சொற்கள் இரா. சொற்களைத் தேடும் முறை மட்டுமே இருக்கும்.

பழைய அகராதிகளைப் புரட்டியவர்களுக்கு ஒரு வகைப் பொருள்விளக்கம் நன்கு பழகியிருக்கும்: 'ஒருவகைப் பறவை', 'ஒருவகை மரம்', 'ஒரு மீன்'. தமிழ் படித்தவர்க்கு இதன் வலி புதிதன்று. சங்கப் பாடல்களில் வரும் அன்றில் எந்தப் பறவை என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பி. எல். சாமி போன்றோர் பாடல்களில் உள்ள வருணனைகளை உயிரியல் நூல்களோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பறவையாக மீட்டெடுக்க வேண்டியிருந்தது. சொல் எஞ்சியது, அது சுட்டிய பொருள் கைநழுவியது. ஈராயிரம் ஆண்டு இலக்கியத் தொடர்ச்சியும் உரைமரபும் உள்ள மொழிக்கே இந்த நிலை என்றால், எழுத்து மரபு இல்லாத சிறு மொழியில் ஒருவர் 'ஒருவகை ஆந்தை' என்று குறித்துவிட்டுத் திரும்பினால் என்ன ஆகும்? அதைச் சரிபார்க்க இன்னொருவர் அவ்வூருக்கு வருவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஆந்தையை எடுத்துக்காட்டாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபாரஸ்ட் அவுலெட் எனப்படும் வனச் சிற்றாந்தை மத்திய இந்தியாவுக்கே உரியது. 1873இல் ஹியூம் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். 1884க்குப் பின் நம்பத்தக்க மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. மைனர்ட்ஸ்ஹேகன் 1914இல் சேகரித்ததாகக் காட்டிய மாதிரி போலியானது என்பது 1990களில் வெளிப்பட்டது. அழிந்துபோனதாகவே பலரும் கருதியிருந்த அப்பறவையை 1997 நவம்பரில் பமீலா ராஸ்முசனும் உடன்சென்ற இருவரும் மகாராட்டிரத்தின் வடமேற்கு மலையடிவாரத்தில் மீண்டும் கண்டனர். 113 ஆண்டுகள் அறிவியல் ஏடுகளில் அப்பறவை இல்லை. அந்த 113 ஆண்டுகளும் அந்தக் காட்டை ஒட்டி மக்கள் வாழ்ந்தார்கள், பேசினார்கள். அவர்கள் அதற்கெனத் தனிப்பெயர் வைத்திருந்தார்களா, பிற சிற்றாந்தைகளோடு சேர்த்து ஒரே பெயரால் அழைத்தார்களா என்ற கேள்விக்கு 'ஒருவகை ஆந்தை' என்ற குறிப்பு ஒருபோதும் விடை தராது.

அதே நிலப்பகுதியில் ஏறத்தாழ ஒரே பருமனுள்ள சிற்றாந்தைகள் மூன்று உண்டு. புள்ளி ஆந்தையின் உச்சந்தலையில் வெண்புள்ளிகள் தெளிவாகத் தெரியும். வனச் சிற்றாந்தையின் தலையில் அவை மிக மங்கல். மார்பின் மேற்பகுதி அடர்பழுப்பு. பகலிலேயே இரை தேடும். மூன்றாவதான ஜங்கிள் அவுலெட்டுக்கு உடல் முழுவதும் நெருக்கமான பட்டைகள். முப்பது நாற்பது மீட்டர் தொலைவில் இலையுதிர்த்த கிளையொன்றில் அமர்ந்திருக்கும்போது வெறுங்கண்ணுக்கு மூன்றும் ஒரு கைப்பிடிப் பழுப்பு நிறம்தான்.

படம் காட்டிக் கேட்கலாமே என்பது நியாயமான கேள்வி. நானும் முதலில் பறவைக் கையேட்டின் பக்கங்களைக் காட்டித்தான் தொடங்கினேன். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். ஆனால் கையேட்டின் ஒரு பக்கத்தில் பருமன் தெரிவதில்லை. குரல் இல்லை, அமர்ந்த மரம் இல்லை, வாலை ஆட்டும் பாங்கு இல்லை, பொழுதும் இல்லை. ஊர்மக்களின் வகைப்பாடு பெரும்பாலும் இவற்றையே பிடிமானமாகக் கொண்டிருக்கும். படத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர் மூன்று ஆந்தைகளுக்கும் ஒரே சொல்லைச் சொன்னார். பின்னர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தாளில் இருப்பதற்கு இது போதும்" என்றார். அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். உயிருள்ள பறவையை அவரும் நானும் ஒரே நேரத்தில் பார்த்தாலன்றி அடுத்த சொல் வரப்போவதில்லை என்பது அன்று தெளிவாயிற்று.

இதற்கு முன்மாதிரி உண்டு. பாப்புவா நியூகினியின் கலாம் மக்களுள் ஒருவரான இயன் சைம் மஜ்னெப், மானிடவியலாளர் ரால்ஃப் பல்மருடன் இணைந்து தம் நாட்டுப் பறவைகளைப் பற்றி எழுதிய நூல் 1977இல் வெளிவந்தது. தகவலாளராக அன்றி நூலாசிரியராகவே மஜ்னெப் அதில் நிற்கிறார். நம் நாட்டில் அன்விதா அப்பி, சதீஷ் பாண்டேயுடன் சேர்ந்து கிரேட் அந்தமானிய மொழியின் பறவைப் பெயர்களைத் தொகுத்திருக்கிறார். மொழியறிந்தவரும் பறவையறிந்தவரும் கைகோத்த பணிகள் இவை.

இனிக் கருவிக்கு வருகிறேன். இருநோக்கியின் மேல் 8×42, 10×42, 8×32 என்று இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் பொருளருகு லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணருகு லென்சிலிருந்து வெளியேறும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42இல் அது 5.25 மி.மீ.; 10×42இல் 4.2, 8×32இல் 4, சட்டைப்பைக்குள் அடங்கும் 8×25இல் 3.1.

பத்து மடங்கு எட்டைவிட மேலானது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உருப்பெருக்கம் பறவையை மட்டுமன்றிக் கைநடுக்கத்தையும் பெருக்குகிறது. பார்வைப் புலமும் சுருங்குகிறது. 1,000 மீட்டர் தொலைவில் எட்டு மடங்குக் கருவி ஏறத்தாழ 130 முதல் 140 மீட்டர் அகலத்தைக் காட்டினால், பத்து மடங்குக் கருவி 105 முதல் 115 மீட்டரையே காட்டும். இருநோக்கியை முதன்முதலாகக் கையில் வாங்குபவர் பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும்.

இங்கேதான் என் தேவை பறவை ஆர்வலரின் தேவையிலிருந்து விலகுகிறது. அவர்களுக்குக் கருவி ஒருவருக்கானது; எனக்கு அது இருவருக்கானது. நான் பார்த்த மறுநொடி அது பெரியவர் கைக்குப் போக வேண்டும். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். கையில் லேசான நடுக்கம் உண்டு. எனக்கோ மூக்குக்கண்ணாடி. ஆகவே கண்ணுக்கும் லென்சுக்கும் இடையே குறைந்தது 15 மி.மீ. இடைவெளியிலும் முழுக்காட்சி தெரிய வேண்டும். குவியச் சக்கரம் விரைவாகச் சுழல வேண்டும். வலக்கண்ணுக்கான திருத்த வளையத்தை அடையாளமிட்டு வைத்துக்கொள்ள இயல வேண்டும். சொல்லப்போனால் அக்கருவி என் கண்ணைவிட அவர் கண்ணுக்கே முதலில் பொருந்த வேண்டும். ஏனெனில் பெயர் அவரிடம்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கில் 8×25 விழுந்துவிட்டது: 3.1 மி.மீ. ஒளிக்கற்றைக்குள் பழக்கமில்லாத கண் எளிதில் நிலைகொள்ளாது. காட்சி அடிக்கடி இருண்டுவிடும். 10×42 நடுக்கத்தால் விலகியது. எஞ்சியவை 8×42, 8×32 இரண்டும். அந்திப்பொழுதில் 42 மி.மீ. லென்சு ஏறத்தாழ 1.7 மடங்கு ஒளியைக் கண்ணுக்குத் தரும். ஆனால் அதை முழுதும் ஏற்க நம் கண்பாவை 5.25 மி.மீ. அளவுக்கு விரிந்திருக்க வேண்டும். இளையோர் கண்பாவை இருளில் 7 மி.மீ. வரைகூட விரியும். வயது ஏற ஏற அந்த விரிவு குறைகிறது. முதியவர் ஒருவர் பார்க்கையில் பெரிய லென்சு திரட்டிய கூடுதல் ஒளியில் ஒரு பங்கு கண்ணுக்குள் நுழையாமலே போகலாம்.

எடை அடுத்தது. 8×42 கருவிகள் பெரும்பாலும் 650 முதல் 800 கிராம். 8×32 கருவிகள் 450 முதல் 600 கிராம். இருநூறு கிராம் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். என் தோள்பையில் ஒலிப்பதிவுக் கருவி, ஒலிவாங்கி, மாற்று மின்கலங்கள், இரண்டு லிட்டர் தண்ணீர், குறிப்பேடு ஆகியவை முன்பே இருக்கின்றன. கழுத்தில் தொங்குவது கனத்தால் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவோம். பைக்குள் இருக்கும் இருநோக்கி எந்தப் பறவையையும் காட்டாது.

இந்த எண்ணத்தை எனக்குத் தெளிவாக்கியது எதிர்பாராத ஓரிடம்: வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய அமெரிக்க எழுத்துகள். ஜெஃப் கூப்பர் என்பவர் 1980களில் 'ஸ்கவுட் ரைஃபிள்' என்ற கருத்தை முன்வைத்தார். ஒருவர் ஒரே ஒரு துப்பாக்கியோடு நாள்முழுதும் நடக்க நேர்ந்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்பதே அவருடைய கேள்வி. நீளம் ஒரு மீட்டருக்குள். எடை, குறிநோக்கியும் சேர்த்து, 3 கிலோ அளவில். குறிநோக்கிக்கு இரண்டு மூன்று மடங்கு உருப்பெருக்கமே போதும் என்றார். இன்றும் பொதுப்பயன் துப்பாக்கிக்கு 3-9×40 ஸ்கோப்பா, அதைவிடச் சிறிய 2-7×33ஆ என்ற விவாதம் அங்கே ஓய்ந்தபாடில்லை. வேட்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருவதும் இல்லை. ஆயினும் அவ்விவாதத்தின் உட்கரு எனக்கு உதவியது. பொதுப்பயன் கருவி எந்த ஒன்றிலும் தலைசிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்குப் போதுமானதாகவும், எப்போதும் உடலோடு இருக்கும் அளவுக்கு இலேசானதாகவும் இருந்தால் போதும்.

அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. துப்பாக்கி ஸ்கோப்பில் உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அது ஒற்றைக் குழாய் என்பதால் அவ்வமைப்பு நன்கு இயங்குகிறது. இருநோக்கியில் இரண்டு குழாய்களும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக மாற வேண்டும். சற்றுப் பிசகினாலும் காட்சி இரட்டித்துத் தலைவலி வரும். குறைந்த உருப்பெருக்கத்தில் பார்வைப் புலமும் குறுகியே இருக்கும். '10-30 மடங்கு ஜூம்' என்று இணையக் கடைகளில் மலிவாக வருபவற்றை மாணவர்கள் தவிர்ப்பது நன்று. முப்பட்டகங்கள் நேர்க்கோட்டில் அமைந்த ரூஃப் வகையாயின் ஃபேஸ் கோட்டிங் உண்டா என்றும், மழைக்கால வேலையாயின் நைட்ரஜன் நிரப்பி மூடப்பட்டதா என்றும் கேட்டு வாங்குங்கள். ரூஃப் வகைக்குப் பணம் போதாதெனில், அதே விலையில் பழைய பாணிப் போரோ வகை பெரும்பாலும் தெளிவான காட்சியைத் தரும்; சற்றுப் பருமனாக இருக்கும், அவ்வளவே.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் கலைப்புல மாணவர்க்குக் கன்டின்ஜென்சி என்று நாம் சொல்லும் இதரச் செலவு நிதி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதன்பின் 20,500 ரூபாய். நெட் அல்லாத உதவித்தொகை பெறுவோரின் மாத வரவே 8,000 ரூபாய்தான். இந்நிலையில் 8×32 கருவிக்கான விண்ணப்பம் 'பாடத்திற்குத் தொடர்பற்றது' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஒலிப்பதிவுக் கருவிக்கு அப்படிப்பட்ட குறிப்பு எழுதப்படவில்லை. மொழி என்றால் ஒலி என்ற எண்ணம் அங்கே உறைந்திருக்கிறது. சொல்லுக்கு ஒலி ஒரு பாதி; அது சுட்டும் பொருள் மறுபாதி. அம்மறுபாதியைப் பதிவு செய்ய நமக்குக் கருவி தேவையில்லை என்று யார் முடிவு செய்தார்கள்?

நெறியாளரின் ஒப்புதலோடு இரண்டு பக்க விளக்கம் இணைத்து மீண்டும் விண்ணப்பித்தேன். அதில் மூன்று ஆந்தைகளின் வேறுபாட்டையும், படவழித் தரவின் வரம்பையும், 'ஒருவகைப் பறவை' என்று முடியும் அகராதிப் பதிவுகள் சிலவற்றையும் எடுத்துக்காட்டினேன். பாதித் தொகை கிடைத்தது. மீதியை என் உதவித்தொகையிலிருந்து தவணையில் கட்டி வருகிறேன்.

கடந்த ஆறு வாரங்களில் இருநோக்கி பெரும்பாலும் பெரியவர் கழுத்தில்தான் இருந்தது. முன்பு படத்தைக் கண்டு ஒரு சொல்லோடு நிறுத்திய அவர், இப்போது பறவையைப் பார்த்தபடியே பேசுகிறார். பெயர் மட்டுமன்றி அது எங்கே கூடு வைக்கும், எப்போது குரல் கொடுக்கும், யார் வீட்டருகே அமர்ந்தால் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் வருகின்றன. அவர் பேத்தியும் உடன் வரத் தொடங்கியிருக்கிறாள். பள்ளியில் மராத்தியும் இந்தியும் படிக்கும் அவளுக்கு இப்பெயர்களில் பல தெரியாதவை. தாத்தா சொல்வதை அவள் மீண்டும் சொல்லிப் பார்ப்பது என் ஒலிப்பதிவுகளில் தெளிவாகக் கேட்கிறது. அந்த ஒலிப்பதிவுகளையும் தரவாகவே எழுத்துப்பெயர்த்து வருகிறேன்.

களப்பணிக்கு முன்மொழிவு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உயிரினப் பெயர்களோ, செடிகொடிப் பெயர்களோ உங்கள் சொற்பட்டியலில் இருந்தால், கருவிகளுக்கான பத்தியில் ஒலிப்பதிவுக் கருவிக்கு அடுத்த வரியிலேயே இருநோக்கியையும் சேர்த்து எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். என் இரண்டு பக்க விளக்கம் வேண்டுவோர் செய்தி அனுப்பினால் அனுப்பி வைக்கிறேன். உங்கள் மொழிக்கும் இடத்திற்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.