இரண்டு சவரன் எடை

காஞ்சிபுரத்துக்காரன் பட்டைப் பற்றி எழுதுவான், கோயில் இட்லியைப் பற்றி எழுதுவான். வேட்டைத் தோட்டாவைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நான் ஒரு நாளும் துப்பாக்கி சுட்டதில்லை. ஆனால் கலெக்டர் ஆபீஸில் ஆயுத லைசென்ஸ் சீட்டில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். புதுப்பிக்க வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டால் போதும், பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சீட்டில் உட்கார்ந்த புதிதில் எண்கள்தான் என்னைக் குழப்பின. 20 போரைவிட 12 போர் பெரிது. 8-ஆம் நம்பர் ரவையைவிட 4-ஆம் நம்பர் பெரிது. என்ன தலைகீழ்க் கணக்கு இது? பிறகு யோசித்தால் நம் வீட்டுக் கணக்குதான். பருத்தி நூலில் அறுபதாம் நம்பரைவிட நூறாம் நம்பர் மெல்லியது அல்லவா? ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒரு உருண்டை சரியாக நுழைகிற குழாய் 12 போர். இருபதாக உருட்டினால் உருண்டை சிறுத்துவிடும், குழாயும் சிறுத்துவிடும். தறிக்காரன் பிள்ளைக்கு அப்புறம் அது மறக்கவில்லை.

ரவையைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். தென்னேரிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனால், ஏரிக்கரையில் நரிக்குறவர்கள் கூடாரம் இருக்கும். அதில் ஒரு பெரியவர் நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். கொம்பிலிருந்து கருமருந்து, அதன்மேல் தேங்காய் நார், பிறகு ரவை, மறுபடியும் நார், இரும்புக் கம்பியால் இடி. அளவுக்குத் தராசு கிடையாது, உள்ளங்கைதான். காடைக்கு ஒரு கை, கொக்குக்கு ஒரு கை. "மருந்து ஏறினா ரவை செதறும் சாமி, கொறஞ்சா பறவை நொண்டும். நொண்டின பறவை நமக்கும் இல்ல, நரிக்கும் இல்ல" என்பார். ஒரு தடவை சுட்டால் திரும்பக் கெட்டிக்க நேரமாகும். அதற்குள் ஏரியில் ஒரு பறவை இருக்காது. அதனால் முதல் சூடு தப்பக்கூடாது.

ரைஃபிள் சமாசாரம் வேறு. அதை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு எஸ்டேட் மேனேஜர். எழுபதைத் தாண்டியவர், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வருவார். அவரிடம் இருந்தது .275 ரிக்பி, போல்ட் ஆக்‌ஷன். தாழ்ப்பாளை நீக்குவதுபோலக் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெறுங்கூடு வெளியே விழும், முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். 1947-ல் ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் வாங்கியதாம். நம் நாட்டில் பரவலாக இருந்தது இஷாபூர் தொழிற்சாலையின் .315தான். பொதுமக்கள் கையில் ராணுவத்தின் .303 தோட்டா போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடை வைத்ததால், அதற்கு மாற்றாகப் பிறந்த துப்பாக்கி அது.

தோட்டா வேறு, குண்டு வேறு என்பதையே அவர்தான் எனக்கு விளக்கினார். பித்தளைக் கூடு, அடியில் கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு, எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். .315-இன் குண்டு 244 கிரெய்ன். "அதாவது தம்பி, ரெண்டு சவரன்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 15.8 கிராம், சரிதான். அவருடைய .275-க்கு 140 கிரெய்ன், ஒரு சவரனுக்குக் கொஞ்சம் மேலே. எடை குறைவு, வேகம் அதிகம், தூரம் போகும்.

ஐம்பதுகளில் சீமைத் தோட்டா கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால், சுட்ட கூடுகளைப் பத்திரப்படுத்தி, தனி அனுமதி வாங்கி, வீட்டிலேயே தோட்டா கட்டியிருக்கிறார். (இதைப் படித்துவிட்டு யாரும் முயல வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். பக்குவம் தெரியாதவன் கையில் துப்பாக்கியே வெடிக்கும்.) சுட்ட கூடு சற்று உப்பிவிடும். அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும், கழுத்தில் விரிசல் இருந்தால் தூக்கிப் போட வேண்டும், புதுக் கேப் வைக்க வேண்டும். மருந்தை நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நிறுப்பாராம். ஃபேனைக்கூட நிறுத்திவிடுவாராம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்டேன். காகிதத்தை இழுத்து ஒரு படம் போட்டார். வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும் குண்டும், கையிலிருந்து விழும் கல்லைப்போலத்தான் கீழே விழுந்துகொண்டே போகிறது. குழாயின் நேர்கோட்டிலிருந்து 100 கஜத்தில் சுமார் 3 அங்குலம் விழும். 300 கஜத்தில் 2 அடிக்கு மேல் விழும். தூரம் மூன்று மடங்கானால் விழுவது கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. மருந்தில் துளி முன்னே பின்னே இருந்தால் பக்கத்தில் தெரியாது. தூரத்தில் நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகும்.

குண்டைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். ஈய மூக்கு வெளியே தெரியும் சாஃப்ட் நோஸ் குண்டு உடம்பில் பட்டதும் பூப்போல விரிந்து உள்ளேயே தன் வேகத்தைச் செலவழிக்கும். முழுக்க உலோகம் போர்த்திய சாலிட் விரியாது, ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் யானைகளையே இந்த .275-ஆல் வீழ்த்தியது அந்த சாலிடை வைத்துத்தான். மண்டையோட்டைத் துளைத்து மூளைக்குப் போக வேண்டுமே. அதையே மெல்லிய உடம்புள்ள சிறுத்தைக்குப் போட்டால் ஊசி நுழைந்ததுபோல மறுபக்கம் போய்விடும்.

இதைச் சொன்னபோது அவர் குரல் தணிந்தது. ஜவ்வாது மலையில் அவர் செய்ததே அதுதான். வேறு தோட்டா கையில் இல்லை, தூரமும் அதிகம், ஆனாலும் சுட்டுவிட்டார். சிறுத்தை ஒரு துள்ளு துள்ளிப் புதரில் மறைந்தது. மூன்று நாள் ரத்தத் தடத்தைப் பிடித்துத் தேடியும் கிடைக்கவில்லை. கீழே இரண்டு மலைக்கிராமங்கள். ஆறு மாதம் அங்கே ஆள் அனுப்பி, ஆடு மாடு போச்சா, ஆள் போச்சா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாராம். தராசு வாங்கியது அதற்குப் பிறகு. 150 கஜத்துக்கு மேல் குறி வைப்பதில்லை என்றும் அப்போது முடிவு செய்தாராம்.

அவர் பயம் வீண் இல்லை. சம்பாவத் புலியைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும். நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் பெண்புலி. 1907-ல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டபின் வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. என்றோ யாரோ சுட்டு விட்டுப்போன காயம். இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரிடம் வந்திருக்கிறது. அந்தப் புலியைக் கொன்றதற்குப் பரிசாகக் கார்பெட்டுக்குக் கிடைத்ததும் ஒரு .275 ரிக்பிதான். பற்களை உடைத்தவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம் பக்கத்து வேடந்தாங்கலில் இந்தப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தார்கள். சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார் என்பார்கள். கருணை மட்டும் காரணம் இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ரவை பறவைக்குச் செய்யும் கெடுதல் சூட்டோடு முடிவதும் இல்லை. தப்பிய ஈய ரவை சேற்றில் கிடக்கும், வாத்து அதைக் கூழாங்கல் என்று விழுங்கும், இரைப்பையில் அரைபட்டு விஷமாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை 1991-லேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எனக்கு அந்தச் சட்டத்தில் எந்த வருத்தமும் இல்லை. ஆனால் மேனேஜருக்கு அது பொழுதுபோக்கு போன கதை, தென்னேரிப் பெரியவருக்குச் சோறு போன கதை. அவருடைய ஜனங்கள் ஊசி, பாசிமணி விற்கப் பேருந்து நிலையத்துக்கும் கோயில் வாசலுக்கும் வந்தார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆனது. சட்டம் போட்டவர்கள் இரண்டையும் ஒன்றாகவா யோசித்தார்கள்?

மேனேஜர் கடைசியாக வந்தது லைசென்ஸை ஒப்படைக்க. துப்பாக்கியை ஆயுத வியாபாரியிடம் விட்ட ரசீதை நீட்டினார். அதில் தோட்டா பதினொன்று என்று இருந்தது; எல்லாம் அவர் கையால் கட்டியவை, ஒவ்வொன்றிலும் தேதியும் எடையும் எழுதிய துண்டுச்சீட்டு சுற்றியிருந்ததாம். "தராசு எங்கே சார்?" என்று கேட்டேன்.

"பேத்தி பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி எடுத்திருக்கா தம்பி. அவகிட்ட இருக்கு. ஃபேனை நிறுத்தச் சொன்னா மட்டும் கோபம் வருது" என்றார்.