இருபது வருடம் கழித்துக் கடலுக்கு வந்த அப்பா

எங்கள் ஊர் செங்கல்பட்டு. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், பன்னிரண்டு வயதாகும்வரை என் மகள் கடலில் கால் நனைத்ததே இல்லை. காரணம், என் அப்பா.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. குடும்பத்தோடு மாமல்லபுரம் போவதாகத் திட்டம் போட்டு, புளியோதரைகூடக் கிளறி வைத்தாகிவிட்டது. விடியற்காலையில் அப்பாவுக்குத் திடீர்க் காய்ச்சல். பயணம் ரத்து. வீட்டிலேயே உட்கார்ந்து அந்தப் புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் டி.வி.யில் செய்தி ஓடியது. 'சுனாமி' என்ற வார்த்தையையே அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிக்னல் சிவப்பு என்றால் அவருக்குச் சிவப்புதான். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர்ப் பக்கம் போனதில்லை. மாமல்லபுரம் போனாலும் சிற்பங்களைப் பார்த்தோமா, திரும்பினோமா என்று இருக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் மாதம். ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடக்கிறது என்ற செய்தியை மகள் செல்போனில் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், வீட்டில் தர்ணா ஆரம்பமாகிவிட்டது.

"தாத்தா, 2022-ல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ நீங்கதானே என்னை அங்கே கூட்டிட்டுப் போனீங்க?"

"அது கட்டடத்துக்குள்ள நடந்துச்சும்மா."

இரண்டு நாள் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அப்பாவே சொன்னார். "பார்த்துட்டு வரலாம். ஆனா தண்ணிகிட்ட போகக் கூடாது. நானும் வருவேன்."

பள்ளிக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். வேதகிரீஸ்வரர் மலையைத் தாண்டும்போது அப்பா கொஞ்சம் அதிக நேரமே கும்பிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

காத்திருப்பதற்கும் மார்க் உண்டு

போட்டி நடக்கும் கரையில் கொடிகள், பந்தல், மைக்கில் ஆங்கில வர்ணனை. ஜப்பான், கொரியா, இந்தோனேசியா என்று பல நாட்டு இளைஞர்கள் கையில் பலகையோடு மணலில் நடந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள், பெண்கள், 18 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், சிறுமிகள் என்று தனித்தனிப் பிரிவுகள்.

முதல் பத்து நிமிடம் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கடலுக்குள் நான்கு பேர், நான்கு நிறச் சட்டை. பலகைமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அலை வருகிறது, போகிறது. யாரும் எழுந்திருக்கவில்லை. "என்னம்மா, தூங்குறாங்களா?" என்றார் அப்பா.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஒரு சுற்றுக்குக் குறிப்பிட்ட நேரம்தான். இருபது, முப்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் எத்தனை அலையில் வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் சிறந்த இரண்டு அலைகளுக்கான மதிப்பெண்தான் கணக்கில் வரும். ஓர் அலைக்குப் பத்து, மொத்தம் இருபது. ஐந்து நடுவர்கள் மார்க் போடுவார்கள். அதில் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கிவிட்டு மீதி மூன்றின் சராசரியை எடுப்பார்கள். ஒருவர் ஏறிய அலையில் இன்னொருவர் குறுக்கே வந்தால் வந்தவருக்குத்தான் நஷ்டம்.

அதனால்தான் அந்தக் காத்திருப்பு. கிடைத்த அலையில் எல்லாம் ஏறினால் கை சோர்ந்துவிடும். நல்ல அலைக்காகவே காத்திருந்தால் நேரம் தீர்ந்துவிடும். விஷயம் புரிந்ததும் அப்பா மணலில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் நாலு நிமிஷம். அந்த நீலச் சட்டை ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கான்?" என்று அவரே வர்ணனை செய்ய ஆரம்பித்தார்.

பெரியவர் சொன்ன கணக்கு

எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மீனவப் பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் வர்ணனை காதில் விழுந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் புள்ள சரியாத்தான் உக்காந்திருக்கு சார். பெரிய அலை தனியா வராது. மூணு, நாலுன்னு சேர்ந்து வரும். அப்புறம் கொஞ்ச நேரம் கடல் மூச்சு வாங்கும். நாங்க மரம் தள்ளுறதே அந்த நேரம் பார்த்துதான்."

மரம் என்றால் கட்டுமரம். இன்றைக்கு இந்தக் கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். ஆனால் கணக்கு மாறவில்லை. படகை உள்ளே தள்ளுவதற்கு அலையின் இடைவெளி தெரிய வேண்டும். அதே இடைவெளியைத்தான் பலகைமேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்திய சர்ஃபிங்கில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முன்னால் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களில் பலர் மீனவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பக்கத்து ஊர் கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் தானும் சர்ஃபிங் கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, அந்த ஊரையே சர்ஃபிங் ஊராக்கினார். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தி ஸ்கேட்போர்டு ஓட்டியதைச் சொல்லும் 'கமலி' குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தச் சிறுமி இன்று சர்ஃபிங் வீராங்கனை.

அப்பா அந்தப் பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சுனாமி அன்னிக்கு எங்கே இருந்தீங்க?"

"கரையிலதான் சார். போட்டு போச்சு, வலை போச்சு. உசுரு மிஞ்சுச்சு."

"அப்புறம் எப்படி மறுபடி கடலுக்குப் போனீங்க?"

பெரியவர் வலையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார். "முதல் நாள் கையெல்லாம் நடுங்குச்சு. எம்பொண்டாட்டி கரையிலேயே நின்னா, நான் திரும்புற வரைக்கும். ரெண்டாம் நாளும் நின்னா. அப்புறம் சோறு ஆக்கப் போயிட்டா."

அப்பா பதில் சொல்லவில்லை. அடுத்த சுற்றுக்கு வாட்ச் பார்க்கவும் மறந்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் காற்றின் ஆட்டம்

வெயில் ஏற ஏறக் கடலின் முகம் மாறியது. காலையில் கண்ணாடி மாதிரி மடிந்து விழுந்த அலைகள் மதியம் கலைந்து, நுரையும் நொறுங்கலுமாக ஆகிவிட்டன. இந்தப் பருவத்தில் காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அது அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். நிலம் சூடானதும் கடல்காற்று உள்ளே வரும். அலையும் குலைந்துபோகும்.

"கரைக்காத்துல பாய் விரிச்சு வெளியே போவோம், கடல்காத்துல திரும்புவோம். டீசல் செலவு கிடையாது" என்று பெரியவர் சொன்னது அந்தக் கால வழக்கம்.

அலைச்சறுக்குக்கு ஆகாத அந்த மதியக் காற்றுக்காகவே காத்திருப்பவர்களும் உண்டு. விண்ட்சர்ஃபிங் செய்பவர்கள். அதையும் பார்க்க வேண்டும் என்று மகள் சொல்ல, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறி இருபது கிலோமீட்டர் வடக்கே கோவளம் போனோம்.

வழியில் சாளுவன்குப்பம். சுனாமி மணலை அரித்தபோது இங்கே ஒரு கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதைப் பின்தொடர்ந்து தோண்டிய தொல்லியல் துறைக்குச் செங்கல்லில் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது. நான் சொல்லச் சொல்ல, அப்பா ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்த்தார்.

கோவளத்தில் ஒருவர் பலகைமேல் நின்று பாயை இழுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். விண்ட்சர்ஃபிங் பலகையில் சுக்கான் கிடையாது. பாய்மரத்தின் அடியில் எந்தப் பக்கமும் வளையும் ஒரு மூட்டு இருக்கிறது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். காற்று வரும் திசைக்கு நேராகப் போகவே முடியாது. இடமும் வலமுமாகக் குறுக்கே ஓடித்தான் முன்னேற வேண்டும்.

இதில் சர்வதேசப் போட்டி நடந்தால் அதற்கு ரெகட்டா என்று பெயர். பல நாட்கள், பல ஓட்டங்கள். மிதவைகளைச் சுற்றிவர வேண்டும். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு புள்ளி. கடைசியில் குறைந்த புள்ளி எடுத்தவரே ஜெயித்தவர். மோசமான ஓர் ஓட்டத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடவும் விதி உண்டு. "இது நல்ல விதி. யாருக்கும் ஒருநாள் சறுக்கும்" என்றார் அப்பா.

2023-ல் சீனாவில் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியாவின் இபாத் அலி விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். சென்னையில் ஒரு கோடைக்கால முகாமில் பாய்மரப் படகு ஓட்டக் கற்ற நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். உலகம் முழுக்க இரட்டை உடல் படகுகளை 'கேட்டமரான்' என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

காப்பு என்ன?

மகள் கேட்டேவிட்டாள். "தாத்தா, நான் கத்துக்கட்டுமா?"

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் நேராக அங்கிருந்த பயிற்சியாளர் தம்பியிடம் போனார். "தம்பி, இதுல காப்பு என்ன?"

ரயில்வேக்காரர் கேள்வி. அந்தத் தம்பியும் சளைக்காமல் பதில் சொன்னார். கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு. கற்றுக்கொள்பவர்களுக்கு மிருதுவான பலகை. முதலில் இடுப்பளவு தண்ணீரில்தான் பயிற்சி. பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளர். பிறகு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயத்தையும் சொன்னார். இந்தக் கரையில் ஆட்களைப் பலி வாங்குவது பெரும்பாலும் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம்தான். இரண்டு பக்கமும் அலை உடையும்போது, நடுவில் மட்டும் அமைதியாக இருக்கும் இடம் ஆபத்தாக இருக்கலாம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பிறகு திரும்ப வேண்டும்.

"பாப்பாவுக்கு நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்போ முதல்ல நீச்சல் கத்துக்கிட்டு வரட்டும். கடல் எங்கேயும் போகாது."

மகள் முகம் வாடிவிட்டது. ஆனால் அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஆளை அவர் நம்புவார். வேட்டியை மடித்துக் கட்டினார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஈர மணல்வரை நடந்தார். ஓர் அலை வந்து இருவர் காலையும் நனைத்தது. அப்பா பின்னால் நகரவில்லை. ஆனால் அவர் பிடித்த பிடியில் பிள்ளையின் கை சிவந்துபோனதை பஸ்ஸில்தான் பார்த்தேன்.

சில நாட்கள் கழித்துப் பேப்பரை எடுத்துக்கொண்டு அப்பா சமையலறைக்கே வந்தார். ஆண்கள் ஓபன் பிரிவில் இந்தியாவின் ரமேஷ் புதிஹாலுக்கு வெண்கலம். ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர். கொரியாவின் கனோவா ஹீஜேவுக்குத் தங்கம், இந்தோனேசியாவின் பஜார் அரியானாவுக்கு வெள்ளி. ரமேஷ் எடுத்தது 12.60. "கோவளத்துல வளர்ந்த பையனாம்!" என்றார் அப்பா பெருமையாக. அது கேரளத்துக் கோவளம் என்று நான் சொன்னதும், "இருந்தா என்ன, அலை ஏறினது நம்ம ஊர்ல" என்றார். 2026-ல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசியப் போட்டியில் சர்ஃபிங் முதன்முறையாக இடம்பெறுவதையும் அவரே படித்துச் சொன்னார்.

நீங்களும் அந்தப் பக்கம் போவதானால், அலைச்சறுக்கு பார்க்க மே முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் போங்கள். பாய் விரிப்பதைப் பார்க்க மதியத்துக்கு மேல் போங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் முரடாக இருக்கும், தண்ணீரில் இறங்க வேண்டாம். மீனவர்கள் இறங்காதே என்று சொல்லும் இடத்தில் எந்த மாதத்திலும் இறங்காதீர்கள்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு அப்பாதான் பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். குளத்தின் ஓரத்தில் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். எப்போது கடலுக்கு என்று அவள் தினமும் கேட்கிறாள்.

"மழை முடியட்டும். பொங்கல் கழிச்சுப் பார்ப்போம்" என்கிறார். முன்பெல்லாம் 'கூடாது' என்ற ஒரு சொல்தான் வரும்.