கட்டும் செட்டும்

எங்கள் வீட்டுப் பேச்சில் 'சிக்கனம்' என்ற சொல் கிடையாது. அது பள்ளிக்கூடத்துச் சொல். சஞ்சாயிகா என்ற பள்ளிச் சேமிப்புக் கணக்கில் சில்லறை கட்டுகிற நாளில் வாத்தியார் வாயிலிருந்து வரும். கட்டுரை நோட்டில் சேமிப்போடு சேர்ந்து தலைப்பாக நிற்கும். வீட்டுக்கு வந்தால் பேச்சே வேறு. திருவண்ணாமலையில் திருவூடல் தெருவை ஒட்டிய சந்தில், ஆயா என்று நாங்கள் கூப்பிட்ட பாட்டியின் அடுப்படியில், செலவை இழுத்துப் பிடிப்பதற்கு அத்தனை சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கையால் செய்கிற ஒரு வேலையின் பெயர்.

தோசைக்கல்லில் எண்ணெயை "ஊத்தாத, காட்டு" என்பாள். புளியை ஒருதரம் கரைத்துவிட்டுச் சக்கையைப் போடப் போனால், "இன்னொரு தண்ணி பிசைஞ்சிட்டுப் போடு" என்று குரல் வரும். மாசக் கடைசியைத் 'தாட்ட' வேண்டும். நேற்றைய குழம்பைச் சுண்டவைத்து இன்றைக்கு 'ஒப்பேத்த' வேண்டும். உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட வேண்டும்; அது பிடியரிசி. அந்தப் பிடி குறைந்ததால் யாருக்கும் வயிறு வாடியதில்லை. ஆனால் பானை நிறைந்துகொண்டே வரும். அதில் கைவைக்க அப்பாவுக்கே அனுமதி கிடையாது.

எண்ணெயில் அவளுக்கு இருந்த கண்டிப்புக்குக் காரணம் நிலம். எங்கள் பக்கம் மானாவாரிக் கொல்லைகளில் விளைவது மல்லாட்டை. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். மழை ஏமாற்றினால் செடி நிற்கும், காய் இருக்காது. விளைந்த வருஷம் கொல்லையிலிருந்து வந்ததை உடைத்துச் செக்குக்கு அனுப்பி, டின்னில் நிரப்பி வைத்தால், அடுத்த மகசூல் வரைக்கும் அதுதான் எண்ணெய். புண்ணாக்கு மாட்டுக்கு, தோல் அடுப்புக்கு. அடுத்த மழை எப்படியோ என்ற யோசனைதான் அவள் கரண்டியைப் பிடித்து நிறுத்தியது. கடையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அந்த அடுப்படியில் இல்லவே இல்லை.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற பெண்ணைச் 'செட்டானவ' என்பார்கள். 'கட்டும் செட்டுமா குடும்பம் பண்றா' என்று ஒருத்தியைப் பற்றித் தெருவில் பேச்சு வந்தால், அவள் கழுத்தில் நகை இல்லாததும் கூடப் பெருமைக்குரியதாகிவிடும். இன்னொரு பக்கம் பிசினாறி, கருமி, எச்சக்கையால காக்கா ஓட்டாதவன் என்று வசவுகளும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஆயா கிழித்திருந்த கோடு தெளிவானது. தன் தட்டில் குறைத்துக்கொள்பவள் செட்டானவள். வாசலில் வந்து நிற்பவருக்குக் குறைப்பவன் பிசினாறி. வெயில் காலத்தில் மலை சுற்றி வருகிறவர்கள் தண்ணீர் கேட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், எண்ணெயைக் 'காட்ட'ச் சொன்ன அதே ஆயா, அவர்களுக்கு மோரைச் சொம்பு வழிய ஊற்றுவாள்.

இந்த ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 1896-இல் மதுரையிலிருந்து கிளம்பியபோது வேங்கடராமன் என்ற பையன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட 5 ரூபாயில் வழிச்செலவுக்கென 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே வந்து சேர்ந்ததும் கையில் எஞ்சியிருந்த காசையும் பலகாரப் பொட்டலத்தையும் உதறினான். வேட்டியில் கோவணத்துக்கு வேண்டியதைக் கிழித்துக்கொண்டு மீதியையும் போட்டுவிட்டான். அந்தப் பையன்தான் பின்னால் பகவான் என்று அழைக்கப்பட்ட ரமணர்.

காசை உதறியவர் ஒரு பருக்கையை உதறவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஆசிரமச் சமையற்கட்டில் விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்து காய் நறுக்குவார். எறியப் போன கத்திரிக்காய்க் காம்பைச் சமைக்கவைத்துத் தானும் சாப்பிட்டார். தரையில் சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்கினார். அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்புத் தாள்களில் எழுதாத பக்கங்களைச் சேர்த்துக் குறிப்பேடு தைத்தார். மலையில் இருந்த நாட்களில் துண்டு கிழிந்தபோது, முள்ளை ஊசியாக்கி, அந்தத் துண்டிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டார். குகையில் வாழ்ந்தபோது அவரும் உடனிருந்தவர்களும் பிச்சையில் வந்ததைக் கலந்து உண்டார்கள். அதற்கு உப்புக்கூட யாரிடமும் கேட்டதில்லை. கையில் பணமே வைத்துக்கொள்ளாதவருக்குச் சேர்த்துவைக்க என்ன இருக்கிறது? பொருளின் மேல் இருந்த மரியாதை அது. வேறு விதமாக எனக்கு விளங்கவில்லை. "பகவானே காம்பைக் கீழ போடல, நீ காயையே போடற" என்று ஆயா என்னை அதட்டுவாள்.

அவளுடைய செட்டுக்கு ஒரு திருநாளும் இருந்தது. கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் ஊரில் விளக்கேற்றுவார்கள். 2,668 அடி உயரத்தில் எரிகிற அந்தத் தீபத்துக்கு அண்மை ஆண்டுகளில் 3,500 கிலோவுக்குக் குறையாமல் நெய் போகிறது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எண்ணெய் டின் திறந்தே இருக்கும். வாசல், மாடம், மாட்டுக்கொட்டகை, கிணற்றடி, குப்பைமேடு வரைக்கும் அகல்கள். நான் திரியை நனைக்கிற அளவு ஊற்றினால், "நெறைய ஊத்து, விடிய விடிய எரியட்டும்" என்பாள். பிடியரிசிப் பானையும் அன்றுதான் கவிழும். வெளியூரிலிருந்து வந்து திண்ணையில் படுத்திருப்பவர்களுக்கெல்லாம் சோறு. வருஷம் முழுக்கக் காட்டிக் காட்டி எடுத்த எண்ணெயும், பிடி பிடியாய் ஒதுக்கிய அரிசியும் எதற்காக என்று அன்றைக்குத் தெரியும். அந்த ஒரு ராத்திரி இல்லாவிட்டால் அவள் வைத்த கட்டுப்பாடெல்லாம் எனக்கு வெறும் வறுமையாகத்தான் நினைவிருக்கும்.

ஆயா போய், கொல்லை போய், அந்த வீடும் கைமாறிவிட்டது. நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இங்கேயும் செலவைக் குறைப்பது பற்றிப் பேசாத நாளில்லை. 'பட்ஜெட் போடணும்', 'கட் பண்ணணும்' என்கிறோம். கைபேசியில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று வருகிறது. வேண்டாத இரண்டை வாங்கிவிட்டு முந்நூறு ரூபாய் மிச்சம் என்கிறோம். ஆயாவிடம் மிச்சம் என்றால் அது பானையில் இருக்கும், மூடியைத் திறந்து பார்க்கலாம். வசவுகளும் அப்படியே தங்கிவிட்டன. கஞ்சன் என்ற சொல் யாருக்கும் மறக்கவில்லை. செட்டு என்ற சொல்லைத்தான் நான் எங்கேயும் கேட்பதில்லை.

போன வாரம் சோப்பின் தேய்ந்த வில்லையைப் புதுக் கட்டியோடு ஒட்டிவைத்தேன். "ஏம்மா இவ்வளவு கஞ்சமா இருக்க?" என்றாள் மகள். அவளுக்குப் பதினோரு வயது. அந்த வயதில் என்னைச் 'செட்டான பொண்ணு' என்று ஆயா எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னாள். நான் அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். சாமிக்கு வாங்கின கற்பூரக் காகிதத்தைக்கூட மடித்து எடுத்துவைத்தேன். அந்தச் சந்தோஷம் இவளுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது. அம்மா சொன்னால் மட்டும் அது வராது. எதிர்வீட்டு அத்தைக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும்.