கறுப்புத் துணிக்குள்ளே என்ன?

தலைவர் படம் ரிலீஸாகப் போற வாரம் உங்க ஹாஸ்டல் மெஸ் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. 'இன்டர்வெல்ல பெரிய ட்விஸ்ட்டாம்', 'க்ளைமாக்ஸ்ல டபுள் ஆக்டாம்', 'என் மாமா பையனோட ஃப்ரெண்டு டப்பிங் தியேட்டர்ல இருக்கான், அவனே சொன்னான்'... படத்தைப் பார்த்தவர் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். ஆனா, கதை தெரியாதவரும் ஒருத்தர்கூட இருக்க மாட்டார்!

இதே கூத்து போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பிச்சு கூப்பர்டினோ வரைக்கும், சுமார் 70 கிலோமீட்டர். ஆப்பிள் கம்பெனி புதுசா ஏதோ அறிவிக்கப் போகுதுன்னா, உலகம் முழுக்கக் கிளம்பற வதந்திகள் எல்லாம் கடைசியில் இந்த 70 கிலோமீட்டருக்குள் எங்கேயாவது வந்து உடையும். கோல்டன் கேட் பாலத்தை சினிமாவிலேயே பார்த்தாச்சு. நாம ஒரு 'வதந்தி டூர்' போயிட்டு வருவோம், வாங்க!

ஸ்டாப் 1: துணியை போட்டோ பிடிச்ச தெரு

சான்ஃபிரான்சிஸ்கோவில் நாலாவது தெருவும் ஹோவர்ட் தெருவும் சந்திக்கிற முனையில் நில்லுங்க. கண்ணாடி முகப்போட நிற்கிற பெரிய கட்டடம்தான் மாஸ்கோனி வெஸ்ட். 1978-ல் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த ஊர் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியின் பேர் அது. 1985-ல் இந்த ஊரில் ஆரம்பிச்ச 'மேக்வேர்ல்டு எக்ஸ்போ' திருவிழாவுக்கு மாஸ்கோனி அரங்கம்தான் பல வருஷம் மைதானம்.

திருவிழாவுக்குச் சில நாள் முன்னாடியே உள்ளே பேனர்கள் தொங்க ஆரம்பிச்சுடும். அதில் சிலது மட்டும் கறுப்புத் துணியில் சுத்தி இருக்கும். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் பேசி முடிச்ச பிறகுதான் துணி விலகும். நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? துணியையே போட்டோ எடுத்துப் போட்டு, 'அகலமா இருக்கு, அப்போ டி.வி.யா இருக்குமோ?'ங்கிற ரேஞ்சுக்கு ஆராய்ச்சி நடக்கும்.

துணி போடாம விட்டாலும் பிரச்னைதான். 2008 ஜனவரியில் 'காற்றில் ஏதோ இருக்கு'ன்னு அர்த்தம் வர்ற ஒரே ஒரு வரியோட பேனர் தொங்கினாங்க. 'காற்றுன்னா வயர்லெஸ்தான்!'னு ஒரு கோஷ்டி சத்தியமே பண்ணுச்சு. ஜனவரி 15-ம் தேதி ஜாப்ஸ் மேடையில் ஒரு பழுப்பு ஆபீஸ் கவரை எடுத்தார். அதுக்குள்ளேர்ந்து வழுக்கிட்டு வந்தது ஒரு லேப்டாப். பேர், மேக்புக் ஏர். காற்று இருந்தது பேரில்!

போன் வரும்... ஆனா யாரோடது?

இந்த முனையின் சூப்பர் ஹிட் கதை 2007 ஜனவரி 9. ஆனா, ட்ரெய்லர் 2005 செப்டம்பர் 7-லேயே இதே கட்டடத்தில் ஓடிருச்சு. அன்னிக்கு ஆப்பிளின் ஐட்யூன்ஸோட வந்தது மோட்டோரோலாவின் ராக்கர் போன். அதிகபட்சம் 100 பாட்டுதான் போட முடியும்! 'இதுக்கா இவ்வளவு பில்டப்பு?'ன்னு ரசிகர்கள் நொந்து போனாங்க. நொந்தவங்க என்ன செஞ்சாங்க? 'அடுத்தது ஆப்பிளே சொந்தமா போன் பண்ணும்'னு புது வதந்தியைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஐபாட் தலையில் நம்பர் பட்டன்களை ஒட்டின கற்பனைப் படங்கள் ஆயிரம் கிளம்புச்சு.

2006 டிசம்பரில் செம காமெடி. 'திங்கட்கிழமை ஐபோன் வருது, நான் கேரண்டி'னு கிஸ்மோடோ இணையதளம் குண்டு போட்டுச்சு. டிசம்பர் 18, திங்கட்கிழமை. சொன்ன மாதிரியே ஐபோன் வந்துச்சு. ஆனா, ஆப்பிள்கிட்டேர்ந்து இல்லை! சிஸ்கோவின் லிங்க்சிஸ் கம்பெனி, இன்டர்நெட் வழியா பேசற போனுக்கு அந்தப் பேரை வெச்சிருந்தாங்க. வதந்தி நூத்துக்கு நூறு உண்மை. கம்பெனி மட்டும் வேற!

மூணு வாரம் கழிச்சு, ஜனவரி 9. 'இதோ பாருங்க'ன்னு ஜாப்ஸ் முதலில் காட்டின படம், ஐபாட் நடுவில் பழைய காலத்து சுத்தற டயல் வெச்ச ஒரு போன். அரங்கமே சிரிச்சுச்சு. அத்தனை நாள் கற்பனைப் படம் வரைஞ்சவங்களை நாசூக்கா வாரிட்டார் மனுஷன்! அப்புறம் நிஜ ஐபோன் வந்தது. நம்பர் பட்டனே கிடையாது. வதந்திக்காரர்கள் பேரைச் சரியா பிடிச்சாங்க. உருவத்தில்தான் பலரும் கோட்டை விட்டாங்க. (பேருக்காக மறுநாளே சிஸ்கோ கேஸ் போட்டு, அடுத்த மாசம் சமாதானமாச்சு.)

இனிமேதான் விஷயமே. அந்த போன் எல்லாம் செய்யும்னு வெளியே ஊரே பேசிட்டு இருந்தப்போ, உள்ளே இருந்த இன்ஜினீயர்களுக்கு அது பாதி வேலைதான் செய்யும்னு தெரியும். அந்தக் குழுவில் இருந்த ஆண்டி கிரிக்னன் பின்னாளில் இதை விவரமா சொல்லியிருக்கார். முதலில் மெயில், அப்புறம் வெப்சைட்னு போனா ஓடும். வரிசையை மாத்தினா தொங்கிடும். அதனால் எதுக்கு அப்புறம் எதுன்னு ஒரு வரிசையை மனப்பாடம் பண்ணி வெச்சாங்க. சிக்னல் எப்பவும் முழுசா 5 கோடு காட்டற மாதிரி முன்கூட்டியே செட் பண்ணிட்டாங்க. ஜாப்ஸ் ஒவ்வொரு பகுதியா தப்பிச்சு வர வர, அஞ்சாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவங்க ஆளுக்கு ஒரு மடக்கு ஸ்காட்ச்! ப்ராஜெக்ட் வைவா அன்னிக்கு, 'சார் அந்த பட்டனை மட்டும் அமுக்கிடக் கூடாது'ன்னு வேண்டிக்கிட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தா, அவங்க உங்க சொந்தக்காரங்கன்னு வெச்சுக்கங்க.

மேடையிலிருந்தே பக்கத்து ஸ்டார்பக்ஸுக்கு போன் போட்டு, 4,000 லாட்டே காபி பார்சல் கேட்டுட்டு, 'சும்மா சொன்னேன்'னு ஜாப்ஸ் வெச்சதும் அன்னிக்குத்தான்.

அப்படியே நாலாவது தெருவைத் தாண்டினா யெர்பா பியூனா கார்டன்ஸ். அங்கே இருக்கிற கலை மையத்தில்தான் 2010 ஜனவரி 27-ல் ஐபேட் வந்தது. அதுக்கு முன்னாடி ஊர் வெச்ச பேர் ஐஸ்லேட், ஐடேப்லெட்... விலை ஆயிரம் டாலரை ஒட்டி வரும்னு எல்லாரும் அடிச்சுப் பேசினாங்க. ஜாப்ஸும் திரையில் 999-னு போட்டுக் காட்டி வெறுப்பேத்திட்டு, கண்ணாடி உடையற சத்தத்தோட 499 ஆக்கினார். வதந்தி விலையை ஏத்தி வெச்சா, நிஜ விலை மலிவாத் தெரியும். யாருக்கு லாபம்னு யோசிங்க பாஸ்!

ரயில் ஜன்னல்: ஏன் இந்த ரகசியம்?

நாலாவது தெருவிலேயே தெற்கே நடந்தா கால்ட்ரெய்ன் ஸ்டேஷன். 2024 செப்டம்பரிலிருந்து இங்கே மின்சார ரயில். இடது பக்கம் உட்காருங்க. அந்தப் பக்கம்தான் விரிகுடா. அதோட எதிர்க்கரையில் இருக்கு ஹேவர்ட்னு ஒரு ஊர். 1981-ல் ஆஸ்போர்ன்-1 என்ற கம்ப்யூட்டர் வெளியிட்ட ஆஸ்போர்ன் கம்பெனியின் ஊர். கையில் தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர். எடை என்னவோ 11 கிலோ! பிய்ச்சுக்கிட்டு வித்துச்சு. 1983-ல், 'இதைவிட சூப்பரா அடுத்தது வருது'ன்னு முன்கூட்டியே பேசிட்டாங்க. 'அப்போ அதையே வாங்கிக்கறோம்'னு ஜனங்க காத்திருக்க ஆரம்பிச்சாங்க. பழசு தேங்கிப் போச்சு. அதே வருஷம் செப்டம்பரில் கம்பெனி திவால். வேற காரணங்களும் உண்டுன்னு வாதாடறவங்க இருக்காங்க. ஆனா, 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்'ங்கிற பேர் நிலைச்சிருச்சு. கறுப்புத் துணி வெறும் சீன் இல்லை, பயமும்தான்.

ஸ்டாப் 2: ஸ்டூலில் விட்டுப் போன ரகசியம்

ரெட்வுட் சிட்டியில் இறங்குங்க. 'அரசாங்கமே சோதிச்சுச் சொன்ன சிறந்த தட்பவெப்பம்'கிற அர்த்தத்தில் ஊர் வளைவில் எழுதி வெச்சிருப்பாங்க. எவ்வளவு தன்னம்பிக்கை!

இங்கே பிராட்வே தெருவில் கூர்மே ஹவுஸ் ஸ்டாட். ஜெர்மன் பலசரக்குக் கடை, கூடவே பீர் கார்டன். 2010 மார்ச் 18 ராத்திரி, ஓர் இளம் ஆப்பிள் இன்ஜினீயர் இங்கே பிறந்த நாள் கொண்டாடிட்டு, போனை மறந்துட்டுப் போயிட்டார். பார்க்க சாதாரண ஐபோன் 3ஜி.எஸ். உறையைக் கழட்டினா, இன்னும் வெளிவராத ஐபோன் 4! எடுத்தவர்கிட்ட கிஸ்மோடோ 5,000 டாலர் கொடுத்து வாங்கி, ஏப்ரல் 19-ல் அக்குவேறு ஆணிவேறாப் படம் போட்டுச்சு. ஜூன் 7-ல் அதே மாஸ்கோனி வெஸ்ட் மேடையில், 'ஏற்கெனவே பார்த்திருந்தா சொல்லுங்க'ன்னு ஜாப்ஸே கிண்டலடிக்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சது.

சிரிச்சாச்சு. இப்போ அந்தப் பையன் இடத்தில் உங்களை வெச்சுப் பாருங்க. அவர் பேரையும் போட்டோவையும்கூடப் போட்டுட்டாங்க. காலேஜ் முடிச்சு சில வருஷம்தான். உலகமே 'போனைத் தொலைச்சவன்'னு தேடிப் படிக்குது. போனை வித்த விவகாரத்தில் ரெண்டு பேர் 2011-ல் கோர்ட் தண்டனை வாங்கினாங்க. கறுப்புத் துணியின் அகலத்தை வெச்சு ஊகம் பண்றது விளையாட்டு. ஒரு ஆளைத் தெருவில் நிறுத்தறது விளையாட்டு இல்லை. ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சு 'லீக்'னு சொல்லிடறோம், அதான் சிக்கல்.

ஸ்டாப் 3: கூப்பர்டினோ

கூப்பர்டினோவில் கால்ட்ரெய்ன் ஸ்டேஷன் இல்லை. சன்னிவேலில் இறங்கி பஸ்ஸோ டாக்ஸியோ பிடிங்க. முதலில் டி ஆன்சா காலேஜ். இந்த வளாகத்தில் இருந்த ஃப்ளின்ட் சென்டர் அரங்கில்தான் 1984 ஜனவரி 24-ல் மெகின்டாஷ் அறிமுகமாச்சு, 1998-ல் ஐமேக். 2014 செப்டம்பரில் அரங்கத்துக்குப் பக்கத்தில் திடீர்னு ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் முளைக்க, 'உள்ளே என்ன?'ன்னு மண்டையைப் பிய்ச்சுக்கிட்டாங்க. வந்தது வாட்ச், வெள்ளைக் கட்டடம் அதைத் தொட்டுப் பார்க்கிற இடம். மாசக்கணக்கா எல்லாரும் 'ஐவாட்ச்'னே கூப்பிட்டுட்டு இருக்க, கம்பெனி வெச்ச பேர் 'ஆப்பிள் வாட்ச்'. இந்தத் தடவை உருவம் சரி, பேர் அவுட்! அரங்கத்தை 2019-ல் மூடிட்டாங்க.

அடுத்தது, கம்பெனியின் பழைய தலைமையகம் இருந்த இன்ஃபினிட் லூப். அங்கே இருந்த கடையில், 'ஆப்பிள் வளாகத்துக்குப் போனேன். இதுக்கு மேல சொல்ல அனுமதி இல்லை'ன்னு எழுதின டி-ஷர்ட் வித்தாங்க. ரகசியத்தையே காசாக்கிட்டாங்க, பாருங்க!

ஆனா, இந்தக் கம்பெனி சிரிக்காத நேரமும் உண்டு. நிக்கோலஸ் சியரெல்லினு ஒரு பையன் 13 வயசில், 1998-ல் 'திங்க் சீக்ரெட்'னு ஆப்பிள் வதந்தி இணையதளம் ஆரம்பிச்சான். 2005 ஜனவரியில், 499 டாலருக்கு ஒரு குட்டி மேக் வருதுன்னு அவன் எழுதினது அப்படியே பலிச்சது. மேக் மினி! ஆப்பிள் அவன் மேல் கேஸ் போட்டுச்சு. அப்போ அவன் ஹார்வர்டில் படிக்கிற 19 வயசு மாணவன். 2007 டிசம்பரில் சமரசம். தகவல் தந்தவங்களைக் கடைசி வரை காட்டிக் கொடுக்கலை. ஆனா, தளத்தை மூட வேண்டியதாச்சு. வதந்தி தப்பா இருந்தா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. சரியா இருந்தாத்தான் வக்கீல் நோட்டீஸ்!

கடைசியா ஆப்பிள் பார்க். 2017-ல் திறந்த மோதிர வடிவக் கட்டடம். கட்டும்போது தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டு, ஒவ்வொரு செங்கல்லையும் படம் பிடிச்சாங்க ரசிகர்கள். உள்ளே விட மாட்டாங்க. எதிரே விசிட்டர் சென்டரின் மொட்டை மாடியில் நின்னு எட்டிப் பார்க்கலாம், அனுமதி இலவசம். 2020-க்கு அப்புறம் மேடைப் பேச்சும் போய், முன்கூட்டியே எடுத்த வீடியோதான். ஸ்காட்ச் குடிச்சு நடுங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கிளம்பறதுக்கு முன்னாடி

சான்ஃபிரான்சிஸ்கோவில் கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.

அடுத்த தடவை 'புது மாடல் வருதாம், அதுவரை வாங்காதே'ன்னு யாராவது சொன்னா, ஹேவர்டை நினைச்சுக்கங்க. எப்பவுமே அடுத்தது ஒண்ணு வந்துட்டேதான் இருக்கும். செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு இப்பவே கம்ப்யூட்டர் வேணும்னா இப்பவே வாங்கிடுங்க.

'யாரோட போன்ல இருந்து லீக் ஆச்சு தெரியுமா?'ன்னு யாராவது ஆரம்பிச்சா மட்டும் ரெட்வுட் சிட்டியை நினைச்சுக்கங்க. ஆளோட பேர் வேண்டாம். துணிக்குள்ளே என்னன்னு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுங்க, கம்பெனிக்காரனே நினைக்காததை எல்லாம் கேளுங்க. காசா, பணமா?