நான்காம் கரை

ஜப்பானில் ஓனோமிச்சி நகரையும் இமாபரி நகரையும் ஆறு தீவுகளின் வழியே பாலங்களால் பிணைத்து, 1999-ஆம் ஆண்டில் நிறைவெய்திய ஷிமனாமி கைடோ என்னும் சுமார் 70 கிலோமீட்டர்ப் பாதையில் சைக்கிளில் செல்வோர் அடையும் பரவசத்தைப் பற்றி ஒரு நாள் படித்தபோது, சென்னையின் கொட்டிவாக்கத்திலிருந்து விடியற்காலையில் முட்டுக்காடு வரை சைக்கிள் விடும் வழக்கமுள்ள எனக்குப் பொறாமையோடு ஒரு சந்தேகமும் உண்டாயிற்று. கிழக்கே கடல், வடக்கே அடையாறு, தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழி, மேற்கே பக்கிங்காம் கால்வாய் என்று நாற்புறமும் நீர் சூழ்ந்த எங்கள் நிலமும் தீவுதானே? அது என்று, யாரால் தீவாயிற்று என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் வடக்கே சென்றேன். 1840-இல் கட்டிய எல்பின்ஸ்டன் பாலத்துக்கு மாற்றாக 1973-இல் எழுந்த திரு.வி.க. பாலத்தின் வழியே அடையாற்றைக் கடந்து, பட்டினப்பாக்கம், சாந்தோம், மெரினா என்று நேப்பியர் பாலம் வரை போனபோது, அந்நிலமும் கடலுக்கும் கால்வாய்க்கும், அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே அகப்பட்ட மற்றொரு தீவென்று கண்டேன். அதற்கப்பால் உள்ள தீவுத்திடலுக்கு மட்டுமே ஊரார் அப்பெயரை வழங்கியிருக்கிறார்கள்.

ஆறுகளும் கடலும் இயற்கையின் கொடை. ஆகையால் என் விசாரணை முழுதும் மேற்கிலுள்ள நான்காம் கரையைப் பற்றியதாயிற்று. நூலகத்தில் புரட்டிய ஏடுகள் 1806-ஆம் ஆண்டுக்கு என்னை அழைத்துச் சென்றன. பாஸில் காக்ரேன் என்னும் வர்த்தகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாயைப் பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் வசமாக்கிக்கொண்டு வடக்கே நீட்டினர். தெற்கே மரக்காணம் வரை செல்லும் கால்வாயும் காலப்போக்கில் உருவாயிற்று. ஆனால் வடகால்வாயிலிருந்து வரும் படகு கூவத்தோடும், தென்கால்வாயிலிருந்து வரும் படகு அடையாற்றோடும் நிற்க வேண்டியிருந்தது. இடையிலிருந்த ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நிலம் அவற்றைப் பிரித்தது.

அந்த நிலத்தைப் பிளந்தது பசி. தாது வருஷப் பஞ்சத்தில் கிராமங்களை விட்டுப் பட்டணத்தை நாடி வந்த ஜனங்களுக்குக் கூலி கொடுக்கும் பொருட்டு, கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் ஆட்சியில், 1877-78-ஆம் ஆண்டுகளில் அவர்களைக் கொண்டே அந்த இணைப்பு வெட்டப்பட்டது. எங்கள் மேற்குக் கரை அதற்கும் முந்தியது. ஆனால் சாந்தோமைத் தீவாக்கியதும், இரு கால்வாய்களையும் ஒரே நீர்வழியாக்கியதும் பஞ்சக் கூலிகளின் மண்வெட்டியே. பெயர் மட்டும் பிரபுவைச் சேர்ந்தது.

இந்நீரில் நடந்த வாழ்வையும் அறிய விரும்பினேன். பாரதிதாசன் மாமல்லபுரத்துக்குப் படகில் சென்ற அனுபவத்தைப் பாடிய 'மாவலிபுரச் செலவு' இக்கால்வாயைப் பற்றியதே. படகை இழுத்துச் செல்லும் உழைப்பாளியின் துயரமும் அதில் உண்டு. கொட்டிவாக்கம் குப்பத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டேன். "விறகு, உப்பு எல்லாம் இதுலதான் தம்பி போவும், எங்கப்பா சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார். 1965, 1966 புயல்களால் சீர்குலைந்த நீர்வழி, சாலையும் ரயிலும் பெருகிய காலத்தில் மீளவேயில்லை. நகரத்துக்குள் அதன் நடுவிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டன. இருந்தும் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் வேகத்தைப் பல இடங்களில் இக்கால்வாய் உள்வாங்கித் தணித்தது.

தீவுத்திடல் தொடங்கி முட்டுக்காடு வரை பாலங்களால் கோத்த தீவுப் பாதை நம்மிடமும் இருக்க, அதை ஒருவரும் உணராததற்குக் காரணம், நான்காம் கரையில் ஓடுவது நீரென்று நம்ப முடியாதபடி அது சாக்கடையாகிவிட்டதே. நல்ல சைக்கிள் பாதை வேண்டுமென்று கோருகிற நாங்கள், அதற்கு முன்பாக இக்கால்வாயைத் தூர்வாரும்படி கோருவதும், பாலங்களில் வைக்கும் பலகைகளில் பிரபுவின் பெயரோடு தாது வருஷத்துக் கூலிகளையும் குறிக்கச் சொல்லுவதுமே நியாயம்.