கசப்புதான் மருந்து என்றேன்

சுரைக்காய்ச் சாறு கசக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் சொன்னார். கசப்புதான் மருந்து, குடியுங்கள் என்றேன். குடித்தார். ரத்த வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதம் இதைவிட மோசம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சூரமங்கலத்தில் ஜங்ஷன் பக்கம் எங்கள் வீடு. ரயில்வேயில் ஓய்வு பெற்றதும் கொல்லையில் தோட்டம் போட்டேன். உழவர் சந்தை நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே காய் வாங்குவதில்லை என்பதில் எனக்குக் கர்வம். தெருவுக்கே காய் கொடுக்கிறவர் என்ற பெயரும் பிடித்திருந்தது.

குப்பைக்குழி ஓரத்தில் ஒரு சுரை தானாக முளைத்தது. "தானா மொளச்சதுங்க, பேய்ச்சொரையா இருந்தாலும் இருக்கும், புடுங்கிப் போட்டுடுங்க" என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. ஆடியில் விதை ஊன்றிய கொடியோடு அதையும் பந்தலில் ஏற்றிவிட்டேன். இரண்டும் பின்னிக்கொண்டன. எது எந்தக் கொடியின் காய் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போனது.

தை பிறந்ததும் பந்தலுக்குத் தண்ணீரை நிறுத்தினேன். ஓய்கிற கொடிதானே என்ற அலட்சியம். சுரையில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. நல்ல காயில் அது மிகக் குறைவு. காட்டுச் சுரையோடு மகரந்தம் கலந்த விதையில் முளைத்த கொடியில் அது கூடும். கொடி வெயிலிலும் தண்ணீர் இல்லாமலும் வாடினாலும் கூடும். வேக வைத்தாலும் போகாது. இதெல்லாம் பிறகு படித்தது. ஆனால் ஒன்று எனக்கு முன்பே தெரியும். என் அம்மா சுரைக்காயோ வெள்ளரியோ அரிந்தால், முதல் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்காமல் சட்டியில் போட மாட்டார். பார்த்து வளர்ந்தவன்தான் நான்.

மாசியில் தோட்டத்தை ஒதுக்க ஆரம்பித்தேன். தக்காளிச் செடிகளைப் பிடுங்கினேன். கத்தரியைக் கவாத்து செய்தேன். அவரை நெற்றுகளை முறத்தில் காயப் போட்டேன். விதைக்கென்று ஒரு சுரையைக் கொடியிலேயே விட்டுவிட்டு மிச்சக் காய்களை அறுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். ஒன்றைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை. வெறும் வயிற்றில் சுரைச் சாறு குடித்தால் இறங்கும் என்று சொன்னதும் நான்தான். எங்கோ கேட்டதை வைத்தியர் போலச் சொல்லியிருந்தேன். காய் கொடுத்த மறுநாள் விடிகாலை, டம்ளரைக் கையில் பிடித்தபடி சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "தம்பி, ஒரு வாய் குடிச்சேன். வேப்பெண்ணெயாட்டம் கசக்குதுங்களே?"

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனைவி சொன்னது வந்தது. பேய்ச்சுரை என்ற சொல் வந்தது. கூடவே, என் தோட்டத்துக் காய் கெட்டது என்று நானே சொல்வதா என்ற எண்ணமும் வந்தது. அதுதான் ஜெயித்தது. கீழே ஊற்றிவிடுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். "கசப்புதானக்கா மருந்து. மூச்சைப் புடிச்சுட்டுக் குடிச்சிருங்க" என்றேன். என் கண் முன்னாலேயே குடித்தார்.

ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, பேதி. அப்புறம் வாந்தியில் ரத்தம். இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்த அக்காவின் மகனும் நானும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். அக்கா பேசும் நிலையில் இல்லை. மகனுக்குச் சாறு விஷயம் தெரியாது. முந்தின இரவு கடையில் வாங்கிய இட்லி என்றான். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. போலீஸ் வருமோ என்று பயந்தேன். தெருவில் பெயர் போகுமே என்று அதைவிட அதிகம் பயந்தேன்.

அன்று இரவு கைப்பேசியில் தேடிப் படித்தேன். 2010இல் டெல்லியில் ஒருவர் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்திருக்கிறார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்தது. சாறு எடுக்கும் முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. படித்த பிறகாவது ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கொடியை அறுத்து, பந்தலைப் பிரித்து, வீடு வீடாகக் கொடுத்தது போக மிச்சம் இருந்த காய்களைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். விதைக்காயை மட்டும், இது ஆடியில் ஊன்றிய கொடியின் காய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எடுத்து வைத்தேன். காலையில் அக்காவின் மகன், "பந்தலைப் பிரிச்சுட்டீங்களா மாமா?" என்றான். "சீசன் முடிஞ்சுதுப்பா" என்றேன்.

அக்கா பிழைத்து வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். இட்லிக்கடை அம்மாவைத் தெரு ஒதுக்கியது. "உங்க இட்லியைத் தின்னுதான் எங்கம்மாவுக்கு இப்படி ஆச்சு" என்று மகன் கடை முன்னால் நின்று கத்தினான். அந்த அம்மா அழுததை நான் பார்த்தேன். அப்போதும் பேசவில்லை. இட்லி விற்காமல் மீந்தது. மாவு ஆட்டுவதைக் குறைத்தார். பிறகு கடையை எடுத்துவிட்டார்.

ஒரு நாள் அக்கா சுவரோரம் வந்தார். "சாறை விட்டதுலதான் ஒடம்பு தேறலையோ என்னமோ தம்பி. ஒரு காய் இருந்தாக் குடுங்க" என்றார். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கொடியைப் புதைத்ததையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். மகன் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. இட்லிக்கடை அம்மாவின் வீட்டைத் தேடிப் போய் அவர் காலில் விழுந்தேன். "கடை போனது போனதுதானுங்க" என்றார்.

விதைக்காய் உலர்ந்து, குலுக்கினால் உள்ளே விதை உருளும் பதத்துக்கு வந்தபோது, பழைய பழக்கத்தில் உடைத்துத் தெருவில் பங்கு வைத்திருந்தேன். இரண்டு கொடிகளும் ஒரே பந்தலில் பூத்தவை. தேனீயும் வண்டும் எந்தப் பூவிலிருந்து எந்தப் பூவுக்குப் போயினவோ. காய் நல்ல கொடியில் காய்த்திருந்தாலும் அதன் விதையில் கசப்பு வந்திருக்கலாம். அந்த வீடுகளுக்குப் போய்க் காரணத்தைச் சொல்லி விதையைத் திரும்பக் கேட்டேன். ஒரு வீட்டில் ஏற்கெனவே ஊன்றி, இரண்டு இலை விட்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நானே குனிந்து பிடுங்கினேன்.